ஓட்டை வைத்த தரை

“ராவுத்தரம்மா, ஒங்க தகரம் எம்மக காலைக் கிழிச்சிருச்சு.”

வெள்ளைத்துரை இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். 1944, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை காலை. மதுரைத் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தகரப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த கடையின் வாசலில் அவர் நின்றார். பக்கத்தில் பழங்காநத்தம் பட்டறையின் மெக்கானிக் சுருளி. உள்ளே தரையில் உட்கார்ந்து பெட்டி மூடிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்த ஜெயினம்பு, கையிலிருந்த மரக் கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள்.

“உக்காருங்கண்ணே. பிள்ளைக்குக் காயம் ஆழமா?”

“முட்டியிலேருந்து கணுக்கால் வரைக்கும். பள்ளிக்கூட வாசல்ல இறங்குறதுக்காக எந்திரிச்சிருக்கு. காரோட தரை பொத்துக்கிட்டுப் போச்சு. காலு வண்டிக்குக் கீழ, பிள்ள வண்டிக்கு மேல. அம்புட்டுப் பிள்ளைகளும் நின்னு வேடிக்கை பாத்துச்சுக.”

“அழுதுச்சா?”

“அது எங்கிட்டு அழும்? வாயத் தெறந்து ‘ஆ’ன்னு சொன்னாத்தானே. சேலையை எறக்கி விட்டுக்கிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டப் பாடம் படிக்கப் போயிருச்சு.”

“எந்தப் பக்கத் தரை?”

இதற்குச் சுருளி பதில் சொன்னான். “எடப்பக்கம்க்கா. நீங்க போட்டுக் குடுத்தது. வலப்பக்கம் கம்பெனித் தரை. பதினாறு வருசமாக் கல்லு மாதிரி நிக்குது. ஒங்கது பதினாலு மாசம் தாங்கலை.”

“எந் தகரம் பதினாலு மாசத்துல பொத்துப்போகாது, தம்பி.”

“அப்ப எம்மக காலு பொய் சொல்லுதா?” என்றார் வெள்ளைத்துரை.

“காலும் பொய் சொல்லாது, தகரமும் பொய் சொல்லாது. நடுவுல ஏதோ நடந்துருக்கு. வண்டியை நான் பாக்கணும்.”

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து பாதுஷா வந்து சேர்ந்தார். ஜெயினம்புவின் கணவருக்கு அண்ணன். “பொம்பள செஞ்ச வேலைன்னு சந்து முழுக்கச் சிரிக்கப் போகுது. தம்பி பேரைக் கெடுக்காம சாவியக் குடுத்துட்டு வீட்டுல வந்து இருன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?” என்றார்.

“வண்டி எங்க நிக்குது, சுருளி?” என்று ஜெயினம்பு கேட்டாள், அவர் பேசியதே காதில் விழாதது போல.

“நம்ம பட்டறையிலதான்க்கா. பழங்காநத்தத்துல.”

“அப்ப பழங்காநத்தத்துக்கு வாரேன்.”

“பட்டறைக்கா?” பாதுஷா தலையில் கை வைத்தார். “ஆம்பளைக சட்டை இல்லாமக் கெடக்குற எடத்துக்கா?”

“சட்டையைப் போட்டுக்கச் சொல்லுங்க, மச்சான்.”

சுருளி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாதுஷா சிரிக்கவில்லை. “போய்ப் பாத்து, தப்பு ஒந் தகரத்து மேலதான்னு ஆயிருச்சுன்னா?”

“கடைச் சாவி ஒங்க கையில.”

“இத்தனை பேரு முன்னாடி சொல்லிட்ட.”

“அதுக்குத்தான் இத்தனை பேரு முன்னாடி சொன்னேன்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. ஜெயினம்பு கொட்டாப்புளியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மூடியை மடிக்கத் தொடங்கினாள். அவள் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சாவி ஒவ்வொரு தட்டுக்கும் ஆடியது.

அந்தச் சாவி அவளிடம் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேலூரிலிருந்து பதினாறு வயதில் அப்துல் லத்தீபுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குத் தகரம் என்றால் கிணற்றடி வாளி மட்டுந்தான். லத்தீப் தகரத்தை வெட்டுவார். அவள் கடைக்குப் பின்கட்டில் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து விளிம்பு மடிப்பாள், ஈயம் வைத்துப் பற்றவைப்பாள். நான்கைந்து வருஷத்தில் வெட்டுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. பெட்டி முடிந்ததும் அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைப்பாள். மறுநாள் காலை அடிப்பாகத்தைப் புறங்கையால் தடவிப் பார்ப்பாள். துளி ஈரம் தட்டினாலும் பெட்டியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். “ஜெயினம்பு பெட்டியில துணியும் வைக்கலாம், மீனும் வளக்கலாம்” என்று கடைவீதியில் ஒரு பேச்சே உண்டு. கேலியாகத்தான் சொன்னார்கள். அவள் அதைப் பட்டயமாக எடுத்துக்கொண்டாள்.

1938இல் லத்தீப் கடைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ரங்கூனுக்குப் பெட்டி வியாபாரத்துக்குப் போனார். மூன்று வருஷம் கடிதம் வந்தது. அங்கே குண்டு விழுந்த பிறகு வரவில்லை. நடந்தே வந்து சேர்ந்தவர்கள் பலர்; அவர்களில் ஒருவர்கூட லத்தீபைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்று சத்தியமும் செய்யவில்லை. கணவனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டோடு அடங்கி இத்தா இருக்க வேண்டும் என்று உறவுக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். “மௌத்துன்னு எவன் கண்டான்? கண்டவனைக் கூட்டிட்டு வாங்க, அன்னைக்கே உக்காருறேன்” என்றாள். மறுநாள் வழக்கம்போல் கடையைத் திறந்தாள். வந்த ஆட்கள் திரைக்கு வெளியே நின்று திரையிடம் பேசினார்கள். பெட்டியின் அளவைத் திரைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் ஒருவர் திரும்பிப் போனார். அன்று மத்தியானமே அவள் திரையைக் கழற்றி மடித்து, தான் செய்த பெட்டி ஒன்றிலேயே போட்டு மூடினாள். பாதுஷா ஒரு வாரம் பேசவில்லை. அவர் கெட்டவரில்லை, வீட்டில் ஒரு அறை ஒழித்து வைத்திருந்தார், சோறு போடவும் தயாராக இருந்தார். அவளுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

யுத்தம் வந்ததும் புதுத் தகரம் கண்ணில் படாமல் போயிற்று. அவள் எண்ணெய் டிரம்களை வாங்கினாள். உளி வைத்து நெடுக்கப் பிளந்து, தரையில் விரித்து, இரண்டு நாள் தட்டிச் சமமாக்கினால் பெட்டித் தகரத்தைப்போல் மூன்று மடங்கு தடியான இரும்பு கிடைக்கும். இதைக் கேள்விப்பட்டுத்தான் சுருளி அவளைத் தேடி வந்தான். கார்களுக்குப் புது உதிரிகள் கப்பலேறுவது நின்று போயிருந்தது. இருக்கிற கிழட்டு வண்டிகளைத்தான் ஒட்டுப் போட்டு, பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்துரையின் கார் அப்படிப்பட்டது. கீழக்குயில்குடியில் நிலமும் கிணறும் உள்ள குடும்பம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மேலே மடக்குக் கூரை போட்ட அந்தப் பழைய வண்டியை ஒரு ஜமீன்காரர் வீட்டிலிருந்து வாங்கினார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார். மற்ற நாளில் மகள் மாயக்காளை நகரத்துக்குக் கொண்டுவந்து விடுவார். தமிழும் இங்கிலீஷும் படித்து, அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்த பெண். பின்னிருக்கையில் இருப்பவர்கள் கால் வைக்கும் தரை, நடுவே ஓடும் ஒரு சட்டத்தால் இரண்டு பள்ளமாகப் பிரிந்திருந்தது. அதில் இடப்பக்கம் இற்றுப்போனபோது, சுருளி இற்ற இரும்பை வெட்டியெடுத்து ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து ஜெயினம்பு முன்னால் கொட்டினான். சல்லடை போலிருந்த அந்தத் தகரத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதே அளவில் அவள் புதிது செய்து கொடுத்தாள். அவன் கொண்டுபோய் ரிவிட் அடித்து, ஓரங்களை அவள் சொன்னபடி தார் வைத்து அடைத்தான். வண்டியை அவள் பார்க்கவே இல்லை. பெண்பிள்ளை பட்டறைக்குப் போவது எங்கே நடக்கும்?

இப்போது நடந்தது. திங்கட்கிழமை காலை பாதுஷா பிடித்த குதிரை வண்டியில் அவருடனேயே, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காலடியில் சுத்தியும் உளியும் கட்டிய மூட்டையுடன் அவள் பழங்காநத்தம் போய் இறங்கினாள். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவன் சட்டையைப் பின்முன்னாக மாட்டியிருந்தான்.

வெள்ளைத்துரை வீட்டார் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கட்டு மாற்றிவிட்டு அப்படியே மாட்டு வண்டியில் கூட்டி வந்திருந்தார்கள். தாய் சீனியம்மாள் வண்டி நுகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாயக்காள் கால் கட்டுடன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயினம்பு யாருக்கும் வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. காரின் கதவைத் திறந்து, தரையில் விரித்திருந்த கயிற்றுப் பாயை உருவினாள். பாய்க்கு அடியில் இரும்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கிடந்தது. தரையின் கீழ்மூலையில், கால் போன இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அவள் ஒரு துருச்செதிலைக் கிள்ளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.

“ஏய், என்னம்மா அது!” என்று சீனியம்மாள் பதறினாள்.

ஜெயினம்பு துப்பிவிட்டு நிமிர்ந்தாள். ராமேஸ்வரம் போய்வந்த பெட்டிகள் பழுதுக்கு வரும்போது இந்த ருசியை அவள் கண்டிருக்கிறாள். “இந்த வண்டி கடலுக்குப் போச்சாண்ணே?”

“கடலா? எம்மாடி, இது வைகையைத் தாண்டுனதே பெரும்பாடு.”

“அப்ப இதுக்கு உப்பு எங்கேருந்து வந்துச்சு?”

சுருளி வானத்தைப் பார்த்தான். பாயின் ஓரத்தை ஜெயினம்பு வெளிச்சத்தில் திருப்பினாள். கயிறு நெடுக மஞ்சள் ஏறியிருந்தது.

“வெள்ளிக்கிழமை” என்று மாயக்காள் சொன்னாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் குரலை ஜெயினம்பு கேட்பது அதுதான் முதல் தடவை. “வெள்ளிக்கிழமைதோறும் ஆத்தா வண்டியைக் கழுவும். கல்லுப்பும் மஞ்சளும் கரைச்சு. உள்ளயும்.”

வெள்ளைத்துரை மனைவியைப் பார்த்தார். சீனியம்மாள் நுகத்தை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“ஆமா, கழுவுனேன். எவளுக்குப் பயந்து மறைக்கணும்? முன்னாடி இதை வச்சிருந்தவன் இந்த வண்டியோடயே பள்ளத்துல உருண்டு செத்தான். அதுலதான் எம்பொம்பளப்பிள்ளையை ஏத்தி அனுப்புறேன். பொட்டப்பிள்ளைக்குக் காரு எதுக்கு, படிப்பு எதுக்குன்னு தெருவுல எத்தனை வாயி, எத்தனை கண்ணு! அம்புட்டுக் கண்ணும் அந்தக் காருமேலதான் விழுது. வீட்டைக் கழுவுறோம், மாட்டைக் கழுவுறோம், இதைக் கழுவக் கூடாதா? வாரம் ரெண்டு குடம் உப்புத்தண்ணி. கழுவுவேன், இன்னமும் கழுவுவேன்.”

“வெளங்குச்சு போ” என்றார் வெள்ளைத்துரை.

“அப்பத் தகரத்து மேல தப்பில்லைன்னு ஆச்சு” என்று பாதுஷா முணுமுணுத்தார். அவர் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை.

சுருளிதான் விடவில்லை. கணக்கு இடிக்கிற இடத்தை அப்படியே விட்டுவிட அவன் மெக்கானிக் புத்தி இடம் கொடுக்கவில்லை. “அதெப்படி? ரெண்டு குடத்தையும் எடப்பக்கம் மட்டுமா ஊத்துனாக? வலப்பக்கமும்தானே ஊத்துனாக. அஞ்சு வருசமா அதே உப்பு. அது ஏன் பொத்துப்போகலை?”

நியாயமான கேள்வி. ஜெயினம்பு துப்பட்டியை உருவி நான்காக மடித்து, “இதைச் சித்தப் பிடி, தாயி” என்று மாயக்காள் மடியில் வைத்தாள். தரையில் ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தன்னை இழுத்துக்கொண்டாள். பாதுஷா முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

அடியிலிருந்து பார்த்தால் வண்டி வேறு மாதிரி இருந்தது. வலப்பக்கக் கம்பெனித் தரையை அவள் விரலால் தடவிக்கொண்டே போனாள். சேறும் கரிப்புகையும் படிந்த இரும்பு, ஆனால் கெட்டி. பள்ளத்தின் தாழ்ந்த மூலைக்கு வந்ததும் விரல் உள்ளே போயிற்று. ஓரணா காசு நுழையும் அளவில் ஒரு ஓட்டை. துரு தின்ற ஓட்டை இல்லை; வட்டமாக, விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, வேண்டுமென்றே வைத்த ஓட்டை. ஊற்றிய தண்ணீரெல்லாம் அது வழியாக இறங்கிப் போயிருக்கிறது.

அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பித் தன் வேலையைப் பார்த்தாள். சுற்றிலும் தார், மடிப்பெல்லாம் ஈயம். மீன் வளர்க்கலாம். பதினாலு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் உப்புத்தண்ணீர் அந்த மூலையில் வந்து சேர்ந்து, பாய்க்கடியில் காயாமல் கிடந்து, கிடந்த இடத்தையே தின்றிருக்கிறது. பெட்டிக்குள் தண்ணீர் வரக் கூடாது. வண்டிக்குள் வந்த தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த வித்தியாசம் ஒரு தடவை வண்டியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலை முடிந்த பிறகும் அவள் சற்று நேரம் அங்கேயே கிடந்தாள். வெளியே உப்பின் மேல் பழி விழுந்தாயிற்று. சீனியம்மாள் ஒப்புக்கொண்டாயிற்று. ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போனால் சாவி இடுப்பிலேயே இருக்கும். கேட்க ஆளில்லை.

“என்னக்கா, தூங்கிட்டீகளா?” என்றான் சுருளி.

அவள் வெளியே வந்து முழங்கைக் கரியைச் சாக்கில் துடைத்தாள். “ஏன் சுருளி, வலப்பக்க மூலையில ஒரு ஓட்டை இருக்கே, அதைப் பாத்துருக்கியா?”

“பாத்துருக்கேனே. அது பொறவியிலேருந்து இருக்கு.”

“எங்கிட்டச் சொன்னியா?”

“ஓட்டையச் சொல்லிக் கேட்டு எவன்க்கா புதுத் தகரம் வாங்குவான்?”

“நீ கோணிப்பையில கொண்டாந்து கொட்டுனதுல அறுபது ஓட்டை இருந்துச்சு. அதுல எது கம்பெனிக்காரன் ஓட்டை, எது துரு ஓட்டைன்னு நான் கனாக் கண்டேனா?” அவள் வெள்ளைத்துரை பக்கம் திரும்பினாள். “அண்ணே, பாதி ஒங்க வீட்டு உப்பு. பாதி எந் தப்பு. பாக்காத வண்டிக்குத் தரை செஞ்சேன். பெட்டி செய்யுற புத்தியில, தண்ணி போக வழி வைக்காம அடைச்சுப்புட்டேன். ஒங்க பிள்ள கால் கிழிஞ்சதுல எம்பங்கும் இருக்கு.”

வெள்ளைத்துரைக்குச் சண்டை போட ஒன்றும் மிஞ்சவில்லை. பாதுஷா மட்டும் மெல்லத் திரும்பினார்.

“அப்பச் சாவி?”

“தப்புல பாதிதானே எம்மேல. சாவியப் பாதி ஒடிச்சுத் தரவா, மச்சான்?”

“விளையாடாத.”

“விளையாடலை. இதே எடத்துல மறுபடி தரை போடுறேன். இந்தத் தடவை வண்டியைப் பாத்துப் போடுறேன். அதுவும் நிக்கலைன்னா முழுச் சாவியும் ஒங்களுக்குத்தான்.”

பிறகு சீனியம்மாளிடம் போனாள். இருவருக்கும் ஒரே வயது இருக்கும். “நீங்க கழுவுங்க, மதினி. நிறுத்தச் சொல்ல நான் யாரு? தண்ணி வெளிய போக நான் வழி வைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. உப்புத்தண்ணி ஊத்துன பெறகு நல்லதண்ணி ரெண்டு குடம் சேத்து ஊத்துங்க. பாயை வெயில்ல போடுங்க. எந்தச் சாமியும் கோவிச்சுக்கிறாது.”

சீனியம்மாள் யோசித்தாள். “நல்லதண்ணியில மஞ்சள் போட்டுக்கிறலாமா?”

“ஒரு மூட்டை போடுங்க.”

பத்து நாள் அவள் பட்டறைக்குப் போய்வந்தாள். முதல் வேலை வெட்டுவது. ஒரு இரும்புக் கம்பியால் தரையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனாள். இற்ற இடம் ‘தொத்’ என்றது. நல்ல இடம் ‘ணங்’ என்றது. ணங் என்ற இடத்துக்கும் அப்பால் நாலு விரற்கடை தள்ளிச் சுண்ணாம்புக்கோடு போட்டதைப் பார்த்துச் சுருளிக்கு வயிறு எரிந்தது.

“நல்ல இரும்பையும் சேத்துல்ல வெட்டுறீக?”

“துருவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நல்லவனா இருக்க மாட்டான், தம்பி. இன்னைக்கு ணங்குன்னு பேசுவான், ஆடிக்குள்ள அவனும் தொத்துன்னு ஆயிருவான்.”

டிரம் இரும்பில் தரையை வெட்டினாள். பெட்டியின் அடித்தகடு அமுங்காமலிருக்க அதில் நீளவாக்கில் வரம்பு எழுப்புவது அவள் வழக்கம். அதை இங்கும் விடவில்லை. கொட்டாப்புளியால் ஐந்து வரம்பு எழுப்பினாள். தாழ்ந்த மூலைக்கு ஒன்று, ஏறி இறங்குகிற பக்கத்துச் சேறு அடைத்துத்தான் முதலில் இருந்த கம்பெனித் தரையும் இற்றிருக்கும், மறுபடி அடைத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று எதிர் மூலைக்கு ஒன்று, ஆக இரண்டு ஓட்டை. கீழே போகும் தண்ணீர் தகட்டின் அடியில் படராமல் நேராகச் சொட்டும்படி இரண்டுக்கும் விளிம்பைக் கீழ்நோக்கி மடித்தாள். மேலும் கீழும் கொதிக்கிற தாரை இரண்டு தடவை பூசினாள். ரிவிட்டுக்குச் சுருளியை விட்டாலும் ஒவ்வொரு ரிவிட்டையும் தட்டிக் கேட்டாள். மூன்றை மறுபடி அடிக்கச் சொன்னாள்.

சந்தில் இது பரவியது. “மீன் வளக்குற பெட்டி செஞ்சவ, இப்ப ஓட்டை போட ஆரம்பிச்சுட்டாளாம். அடுத்து சல்லடைக் கடைதான்” என்றான் எதிர்க்கடைக்காரன். “சல்லடை வேணும்னா ஒன் தலையளவு குடுத்துட்டுப் போ. ஓட்டை எங்க வைக்கணும்னு நான் பாத்துக்கிறேன்” என்றாள் அவள், நடையை நிறுத்தாமலே.

அதற்குப் பிறகு அவள் எத்தனை வண்டிகளுக்குத் தரை போட்டாள் என்று சுருளிக்கே கணக்கு மறந்துவிட்டது. ஒத்தக்கடைப் பக்கம் ஓடிய பஸ் ஒன்றின் படிக்கட்டுக்கூட அவள் செய்ததுதான். ‘ராவுத்தரம்மா ஓட்டை’ என்றால் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரியும். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் அவள் ஒரு ஆணியும் அடித்ததில்லை. ஆனால் ஓட்டை வைத்த அந்த முதல் தரை போட்ட அன்று, கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை காலை, அதில் கால் வைக்க ஒருவரும் முன்வரவில்லை.

வெள்ளிக்கிழமையை அவள் வேண்டுமென்றே பார்த்து வைத்தாள். சீனியம்மாள் ஊரிலிருந்தே உப்பும் மஞ்சளும் கொண்டுவந்திருந்தாள். குடத்தில் கரைத்து, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, எல்லோரும் பார்க்க உள்ளே ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் வரம்புகளுக்கிடையே ஓடி, மூலைக்குப் போய், இரண்டு ஓட்டை வழியாகவும் மண்ணில் இறங்கியது. பின்னாலேயே நல்லதண்ணீர் இரண்டு குடம். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு ஜெயினம்பு புறங்கையால் தரையைத் தடவி, கையைத் தூக்கிக் காட்டினாள். ஈரம்தான் இருந்தது, தண்ணீர் தேங்கவில்லை.

“தண்ணி போகுது, சரி” என்றார் வெள்ளைத்துரை. “ஆனா ஓட்டை ஓட்டைதானே. ஒரு தடவை சூடுபட்டவன் நான். ஓட்டை வச்ச தரையில எம்பிள்ள கால் வைக்காது.”

“ஓட்டையை அவளே வச்சான்னா, நாளைக்குத் தரை போனா ஓட்டையாலதான் போச்சும்பாக” என்றார் பாதுஷா. சாவிக்காக நீட்டிய கையாக இல்லாவிட்டாலும், அவர் கை சட்டைப் பையில் இல்லாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“நான் ஏறி நிக்கிறேண்ணே” என்று சுருளி வேட்டியை மடித்துக் கட்டினான்.

“நீ நில்லு” என்றாள் ஜெயினம்பு. “நீ ஏறுனா, ரிவிட் அடிச்சவனே ஏறுனாம்பாக. நான் ஏறுனா, செஞ்சவளே ஏறுனாம்பாக. நம்ம யாரு காலும் இதுல கிழியலை.”

மாயக்காள் பழையபடி அந்த மரப்பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றும் துப்பட்டி அவள் மடியில்தான் இருந்தது. ஜெயினம்பு இடுப்பிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். சாவி கிடந்த இடத்தில் ஆறு வருஷத் தழும்பு கறுப்பாகத் தெரிந்தது. அவள் நேராகப் போய் அந்தப் பெண் முன்னால் நின்று, கையைப் பிடித்துச் சாவியை வைத்து, விரல்களை மூடினாள்.

“தாயி, அன்னைக்கு நீ சொன்ன ஒரு வார்த்தை போதும். இனிமே ஒண்ணும் பேச வேணாம். எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை செய். எந்திரிச்சுப் போயி, கட்டுப் போட்டிருக்கே, அந்தக் காலையே மொதல்ல வச்சு ஏறு. ஏறி நின்னு, ஒங்கய்யா பாக்க, எங்க மச்சான் பாக்க, மூணு தடவை நல்லாக் குதி. தரை ஒரு நூல் எறங்குச்சுன்னா, சாவிய அவுக கையில நீயே குடுத்துரு. எறங்கலைன்னா, அங்க நின்னபடியே எங்கிட்ட வீசு.”